ஐந்து ராணிகளும் ஓர் அம்மியும்

எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் அந்த வருடம் ஐந்து ராணிகள் இருந்தார்கள். ஆளப்படுவதற்கு ஒருத்தி கூட இல்லை. பழங்கால நாகரிகங்களைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு தேசத்தைப் பார்த்ததில்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா என் ஏழாவது வயதில் இறந்துபோனார். அம்மா திண்டுக்கல் புகையிலைக் கிடங்கு ஒன்றில் வேலை செய்தாள். காய்ந்த இலையின் நடு நரம்பை முறியாமல் உரித்தெடுக்கும் வேலை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து உரிக்க வேண்டும். மாலையில் புளி போட்டுத் தேய்த்தாலும் கையின் கசப்பு போகாது. அவள் பிசைந்து கொடுத்த சோற்றில் அந்தக் கசப்பு இருக்கும். அதைத் தின்றுதான் படித்தேன். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கசப்புச் சோறு தின்றவளுக்கு மற்றவர்களின் சர்க்கரைப் பேச்சு சீக்கிரம் திகட்டிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட வேண்டியிருந்தது. அதில் இரண்டு நன்னடத்தைச் சான்றுகள் கேட்டிருந்தார்கள். ஒன்று பள்ளிக்கூடத்திலிருந்து. அது கையில் இருந்தது. மற்றொன்று சர்க்கார் அதிகாரி ஒருவரிடமிருந்து. அவர் உறவினராக இருக்கக் கூடாது. உறவில் அதிகாரி இருக்கும் வீட்டுக்கல்லவா அந்த எச்சரிக்கை? எங்களுக்குத் தெரிந்த அதிகபட்ச அதிகாரி கிடங்கின் வாட்ச்மேன். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் கையெழுத்து செல்லாது.

மாதர் சங்கத் தலைவியம்மாளின் கணவர் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி. என் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் சொல்லி, மனுவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தலைவியம்மாள் மனுவை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"தமிழ் நல்லா எழுதுவியா?"

"எழுதுவேன்."

"மேடையில வாசிப்பியா?"

"வாசிப்பேன்."

"அப்ப ஒண்ணு செய். சங்கத்துக்கு ஆண்டு விழா வருது. 'பண்டைய நாகரிகங்களில் பெண்கள்'னு காட்சி போடுறோம். ஆளுக வேஷம் போட்டு நிப்பாங்க, அசைய மாட்டாங்க. நீ மைக்குல படிக்கணும். நல்லா எழுதிக் கொண்டா. விழா முடிஞ்சதும் கையெழுத்து ஆயிரும்."

விழா முடிந்து ஐந்தாம் நாள்தான் மனுவுக்குக் கடைசி நாள். மனுவை மேசை மேல், வெற்றிலைத் தட்டுக்கு அடியில் வைத்தார். என் எதிர்காலத்தின் மேல் பாக்கு சிந்திக் கிடந்தது.

எழுதுவதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முனிசிபல் வாசகசாலையில் கனமான ஆங்கில வரலாற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை என்று நினைக்கிறேன், பக்கங்கள் ஒட்டியிருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தேன். எகிப்தில் பெண் தன் பெயரில் நிலம் வைத்திருக்கலாம், வழக்குமன்றத்துக்குப் போகலாம் என்றிருந்தது. அதே எகிப்தில் பெண்கள் மண்டியிட்டு, சாய்ந்த கல்லில் குழவியைத் தள்ளித் தள்ளி மாவு அரைத்த படம் இருந்தது. நம் வீட்டு அம்மியேதான். சுமேரியாவில் பெரிய நெசவுக் கூடங்களில் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்களுக்கு வாற்கோதுமையும் எண்ணெயும் அளந்து கொடுத்துக் களிமண் பலகையில் குறித்தார்கள். நம் பக்கத்தில் பார்த்தால், உப்பு வண்டியோடு ஊர் ஊராக நடந்த பெண்கள், மீன் விற்ற பெண்கள். கணவன் செத்ததும் கூந்தலைக் களைந்து, கீரை தின்று, கல்லின்மேல் படுக்கச் சொல்லப்பட்ட பெண்கள். எல்லாவற்றையும் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

தலைவியம்மாள் வீட்டுக் கூடத்தில் படித்துக் காட்டினேன். தலைவியம்மாள், வக்கீல் வீட்டம்மாள், பூட்டுக்கடை முதலாளியின் மனைவி, இன்னும் இரண்டு பேர் ஊஞ்சலிலும் நாற்காலியிலும் உட்கார்ந்து கேட்டார்கள். நான் நின்றுகொண்டு படித்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெண்களின் உயர்வைப் பற்றிய ஒத்திகைதான் அது.

நிலம் என்ற இடம் வந்ததுமே தலைவியம்மாள் கையை உயர்த்தினார்.

"சொத்துப் பேச்செல்லாம் எதுக்கும்மா? ஆம்பளைக முன்வரிசையில உக்காந்திருப்பாங்க. தப்பா நெனைப்பாங்க. அத அடிச்சிரு."

அடித்தேன். நெசவுக் கூடம் வந்தபோது வக்கீல் வீட்டம்மாள் கொட்டாவி விட்டார். அதையும் அடித்தேன். கைம்பெண்கள் வந்ததும் பூட்டுக்கடை அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

"மங்களகரமா விழா நடத்துறோம். அறுத்துப் போட்டவ கதையெல்லாம் யாருக்கு வேணும்?"

பன்னிரண்டு பக்கம் நாலு பக்கமானது. மிஞ்சியது ராணிகளும் தெய்வங்களும்தான். "பண்டைய நாகரிகங்களில் பெண்கள் தெய்வமாகப் போற்றப்பட்டார்கள்" என்ற வாக்கியத்தைத் தலைவியம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஒருத்தியைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். அதை எழுதவில்லை. வெற்றிலைத் தட்டுக்கு அடியில் மனு இருந்தது.

பிறகு வேஷங்களைப் பிரித்தார்கள். எகிப்து ராணி தலைவியம்மாள். பாபிலோன் ராணி வக்கீல் வீட்டம்மாள். கிரேக்கத்தையும் தமிழகத்தையும் மற்ற இருவர் எடுத்துக்கொண்டார்கள். பூட்டுக்கடை அம்மாளுக்குச் சிந்துவெளி மிஞ்சியது.

"சிந்துவெளியில ராணி இருந்தாங்களான்னு யாருக்கும் தெரியாது" என்றேன்.

"இல்லைன்னும் தெரியாதுல்ல?" என்றார் பூட்டுக்கடை அம்மாள். அந்தப் புத்தகம் எழுதியவர்களுக்கெல்லாம் தோன்றாத வாதம்.

வாசகசாலையிலிருந்து கெஞ்சி வாங்கி வந்த புத்தகத்தில் அந்த நாட்டுப் பெண்ணின் வெண்கலச் சிலைப் படம் இருந்தது. கை நிறைய வளையல், இடுப்பில் கை, உடம்பில் துணியில்லை. படம் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனது.

"சீ! இதுவா நாகரிகம்?"

"வளவி மட்டும் அம்புட்டுப் போட்டிருக்கா பாருங்க. ஒரு சேலை வாங்க வக்கில்ல."

"சின்னாளப்பட்டிச் சேலை ஒண்ணு எடுத்து, எடுப்பா ஒரு ரவிக்கையும் தச்சுட்டா ஆச்சு" என்று வக்கீல் வீட்டம்மாள் தீர்ப்புச் சொன்னார். ஐயாயிரம் வருடமாக ரவிக்கை இல்லாமல் நின்றவளுக்குத் திண்டுக்கல் தையல்காரர் ஒருவர் இரண்டே நாளில் தைத்துக் கொடுத்தார்.

எகிப்து ராணியின் படத்தைக் காட்டி, அந்த நாட்டுப் பெண்கள் நெற்றியில் பொட்டு வைத்ததில்லை, கழுத்தில் தாலியும் கிடையாது என்றேன். மேடையில் நிற்கும் நேரத்துக்குப் பொட்டை மட்டும் எடுத்துவிட்டு, தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டால் படம்போல இருக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஊஞ்சல் நின்றுவிட்டது.

"பொட்ட எடுக்கவா? வாயக் கழுவு மொதல்ல. நாடகம்னாலும் சில காரியம் செய்யக் கூடாது. அவரு நல்லா இருக்கணும்ல?" தலைவியம்மாள் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆகவே எகிப்து ராணி சுமங்கலியானாள். பாபிலோனுக்கு ஒட்டியாணம் வந்தது. கிரேக்கம் காசுமாலை போட்டுக்கொண்டது.

அன்று மாலை இதையெல்லாம் அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சிரித்துப் புரையேறினாள்.

"எகிப்துக்காரி தாலியோடயா நிக்கப் போறா? அவ புருசன் என்னைக்கோ செத்துப்போயிருப்பானேடி!"

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அவர்கள் ராஜ்யத்தின் குறை வெளியே தெரிந்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து விழாவுக்கு வரும் அம்மையார் ஒருவர், உழைக்கும் பெண்ணையும் காட்டினால் நன்றாயிருக்கும் என்று சொல்லியனுப்பியிருந்தார். எகிப்து ராணியின் காலடியில் ஒருத்தி மாவரைக்கலாம் என்று முடிவானது. யார் அரைப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சங்கத்தில் நாற்பது உறுப்பினர்கள். நாற்பது பேரும் ராணிகள் அல்லது ராணிகளாகக் காத்திருப்பவர்கள்.

"எங்க வீட்டு அம்மியையே நான் தொட்டு எத்தனையோ வருசமாச்சு. மேடையில போயி அரைக்கவா?" என்றார் கிரேக்க ராணி.

தலைவியம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க அம்மா என்ன வேலை பாக்குது?"

"புகையிலைக் கிடங்குல."

"அப்ப அவங்களையே கூட்டியாயேன். செத்த நேரம் உக்காந்து அரைச்சாப் போதும். பழகின கைதானே." சொல்லிவிட்டு எதையோ நினைத்தவர்போல மேசைக்குப் போய், என் மனுவை எடுத்துப் பார்த்தார். தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

"அடடா. பொட்டில்லாம எப்படி மேடையில ஏத்துறது? மொதக் காட்சியே அதுதான்." நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "சரி, அதனால என்ன? அன்னைக்கு மட்டும் ஒரு குங்குமப் பொட்டு வச்சுக்கட்டும். தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்கு என்ன தெரியும்? நாடகந்தானே!"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "சரிங்கம்மா, சொல்றேன்" என்றேன். பன்னிரண்டு பக்கம் எழுதியவள், அகராதி வைத்துப் படித்தவள், ஊஞ்சலில் இருந்தவர்களையெல்லாம் மனசுக்குள் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தவள், சரிங்கம்மா என்றேன். வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் 'ஒரு பொட்டுதானே' என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த அம்மாள்களை நான் இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் இந்தச் 'சரிங்கம்மா'வையும் சேர்த்தே பேசுகிறேன்.

அம்மா அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பொட்ட எடுக்க மாட்டேன்னுச்சே, அதே அம்மாவா?"

"ஆமா."

"நாடகம்னாலும் ஆகாதுன்னுச்சே?"

"ஆமாம்மா."

"எனக்குன்னா மட்டும் நாடகமா?"

துடைத்த துணியைக் கொடியில் போட்டாள்.

"எனக்கும் பொட்டு வச்சுக்க ஆசைதான்டி. பத்து வருசமாச்சு. கிடங்குல நாங்க முப்பது பேரு. பாதிப் பேரு நெத்தி என் நெத்திதான். வச்சாத்தான் என்ன, யாரு வந்து கேக்கப் போறான்னு பேசிக்கிருவோம். ஆனா எவளும் வச்சதில்ல. வச்சா தெருவுல இந்த மாதிரி அம்மாளுகதான் மொதல்ல துப்புவாளுக." என் பக்கம் திரும்பினாள். "போயி அந்தம்மாட்டச் சொல்லு. அன்னைக்கு ஒரு நாள் அவுக நெத்தியத் தொடச்சுட்டு வரட்டும். நான் என் நெத்தியில வச்சுக்கிட்டு வாரேன். ரெண்டும் நாடகந்தானே?"

"அப்படிச் சொன்னா கையெழுத்துப் போட மாட்டாங்கம்மா."

"எனக்குத் தெரியாதா? நீ வச்சுக்கன்னு சொன்னா வச்சுக்கிறேன். உன் படிப்புக்கு இதுவும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு வந்து அரைக்கிறேன். ஆனா மொதல்ல அவுகட்டக் கேளு. கேக்காம என்கிட்ட வந்து நிக்காத."

மறுநாள் காலையில் போனேன். அம்மாவின் கேள்வியைப் பணிவான நடையில் மாற்றி, நோகாமல் சொல்லிவிடலாம் என்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே நடந்தேன். படித்தவளுக்கு அந்த வித்தை தெரியும். கூடத்துக்குள் நுழைந்தபோது தலைவியம்மாள் கண்ணாடி முன் நின்று அட்டைக் கிரீடத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கக் காகிதம் ஒட்டிய கிரீடம். அதற்குக் கீழே எட்டணா அகலத்துக்குக் குங்குமம்.

"என்ன, வாராங்களா?" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. அம்மா சொன்னதை அம்மா சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன்.

கிரீடம் சரிந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"யாரு? அந்தப் புகையிலை உரிக்கிறவளா சொன்னா? அவளுக்கு இம்புட்டு வாயா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, என் வீட்டுக்குள்ள வந்து என்னையப் பொட்டு அழிக்கச் சொல்றியா? என் புருசனுக்குச் சாபமா விடுற?"

"ஒரு நாளைக்குத்தான் கேட்டாங்க. நீங்களும் ஒரு நாளைக்குத்தான் கேட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணாடி?"

"நாடகம்னா ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

சத்தம் கேட்டு அதிகாரி அறையிலிருந்து வந்தார். கையில் செய்தித்தாள். தாலுகாவில் பாதிப் பேரின் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லும் மனிதர், மனைவியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு மனுப் பாரம் ஒண்ணு கெடந்துச்சே, அதுல கையெழுத்து..." என்று இழுத்தார்.

"எடுத்துக் கொடுத்துருங்க. கையெழுத்தெல்லாம் வேண்டாம்."

எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒரு ராணி ஆட்சி செய்தாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஆட்சி. நான் படியிறங்குவதற்குள் வேலைக்காரப் பெண் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்துவிட்டாள்.

விழா நடந்தது. நான் எழுதிய நாலு பக்கத்தை வக்கீல் வீட்டு மகள் படித்தாள். அம்மி இல்லாமல் ஐந்து ராணிகள் நின்றார்கள். நான் போகவில்லை, ஆனால் கேட்டேன். ஒலிபெருக்கி குழாயடி வரைக்கும் எட்டியது. திண்டுக்கல்லில் தண்ணீருக்கு நிற்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரிசையின் நீளத்தைச் சொல்ல வேண்டாம். "பண்டைய நாகரிகங்களில் பெண்கள் தெய்வமாகப் போற்றப்பட்டார்கள்" என்று வந்தது.

"யாரத்தா அது தெய்வம்?" என்று எனக்கு முன்னால் நின்றவள் கேட்டாள்.

"தண்ணிக்கு நிக்காதவ" என்றாள் இன்னொருத்தி. "குடத்த நகத்துங்க."

மனுவின் கடைசி நாள் கடந்துபோனது. அதற்குள் வேறு இரண்டு அதிகாரி வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவர் பழனிக்குப் போயிருந்தார். இன்னொருவர், தலைவியம்மாளின் கணவர் மறுத்ததைத் தான் போட முடியாது என்றார். ஒருத்தியின் நடத்தையை எத்தனை வேகமாக ஊர் தெரிந்துகொள்கிறது!

அம்மா என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "ஒரு வருசம் சும்மா இருக்க முடியாது, வா" என்று கிடங்குக்கு அழைத்துப் போனாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். முதல் வாரம் தும்மிக்கொண்டே இருந்தேன், தலை சுற்றியது. நரம்பை முறித்து முறித்துப் போட்டேன்.

"எஸ்.எஸ்.எல்.சி.யில இத சொல்லித் தரலையாக்கும்?" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் என்னைத் தெய்வம் என்று சொல்லவில்லை. இலையைக் கெடுக்கிறாய் என்றார்கள். அது உண்மை.

வாற்கோதுமை அளந்து வாங்கிய அந்த நெசவுக்காரிகளை அங்கே உட்கார்ந்துதான் சரியாக நினைத்துப் பார்த்தேன். வாசகசாலையில் அவர்கள் எனக்கு ஒரு பத்தியாக இருந்தார்கள். எழுதி முடித்த கர்வத்தில் இருந்த எனக்கு, அவர்கள் மாலையில் கையை எதைப் போட்டுக் கழுவியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. என் பன்னிரண்டு பக்கத்தையும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்த வருடம் மனு நேரம் வந்தபோது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டருக்கும் பச்சை மை உண்டு என்று, இருமலுக்கு மருந்து வாங்கப் போன கிடங்குப் பெண் ஒருத்தி சொன்னாள். நோயாளிகள் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று காகிதத்தை நீட்டினேன். அதிலிருந்த நன்னடத்தைச் சான்றின் இரண்டு வரிகளையும் படித்தார்.

"படிச்சிட்டு வேலைக்குப் போவியா, கல்யாணம் பண்ணிக்கிட்டு உக்காந்திருவியா?"

"போவேன்."

"போகாம இருந்தா தேடி வந்து உதைப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் நடத்தையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

மனுவைத் தபாலில் சேர்த்து நாலைந்து நாள் இருக்கும். கிடங்கு வாசலில் தலைவியம்மாள் வீட்டு ஆள் வந்து நின்றான். இலைத் தூசிக்குத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"அம்மா உன்னைய வரச் சொன்னாங்க. இந்த வருசமும் நாகரிகம் போடுறாங்களாம். எழுத ஆள் இல்ல. போனதெல்லாம் மறந்தாச்சு, கையெழுத்தும் போட்டுத் தாரோம்னு சொன்னாங்க."

முப்பது பேரின் கையும் ஒரு கணம் நின்றது. அம்மா மட்டும் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ராணிக அஞ்சு பேரு இருக்காகள்ல அப்பு, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கிறச் சொல்லு" என்றாள். "எங்களுக்கு இங்கன வேலை கெடக்கு."

கிடங்கே சிரித்தது. எனக்குக் கையில் பாதி உரித்த இலை ஒன்று இருந்தது. நரம்பு முறியாமல் அதை நுனிவரைக்கும் உரித்து வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். அதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.